இரண்டு காரும் ஒரு காதும்

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வீட்டைப் பிரதாபனும் பஸ்தியாம்பிள்ளையும் பின்பக்கமாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது அறையில் பிளாஸ்டர் போர்ட் அடித்து முடிந்து, பூச்சு மட்டும் பாக்கியாக ஒரு நீளச் சுவர் நின்றது. பிரதாபன் தான் வாங்கப்போகிற காரின் கதையை அந்தச் சுவரில்தான் எழுதினான். அளவெடுக்கிற தட்டைப் பென்சிலால் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘வெள்ளை’, வலப்பக்கம் ‘நீலம்’. இரண்டும் பெரிய பெயருள்ள கம்பனிகளின் உயரமான கார்கள். எஸ்.யு.வி. என்று பிரதாபன் சொல்லுவான். பஸ்தியாம்பிள்ளைக்கு அது ஜீப்தான்.

பிரதாபன் கட்டட கொன்ட்ராக்டர். பதினாறு வருடம் பிரான்சில் சுவர் பூசிவிட்டு லண்டன் வந்து, டூட்டிங்கில் வீடு வாங்கி, சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறவன். பஸ்தியாம்பிள்ளை அவனிடம் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறார். பூச்சும் அவர்தான், டைல்ஸ் பதிப்பதும் அவர்தான். வயது அறுபத்து மூன்று. மன்னார்க்காரர்.

இரவில் படுக்கையில் கிடந்து வீடியோ பார்ப்பது, காலையில் வந்து பார்த்ததைச் சுவரில் எழுதுவது. ஒரு மாதமாகப் பிரதாபனுக்கு இதுதான் வேலை. வெள்ளைக்கு அறுநூறு குதிரை வலு. நீலத்துக்கு ஐந்நூற்று நாற்பது. வெள்ளை நின்ற இடத்திலிருந்து அறுபது மைல் வேகத்தைத் தொட மூன்று தசம் எட்டு செக்கன், நீலத்துக்கு நாலு தசம் நாலு. பின்பெட்டியில் எத்தனை பை வைக்கலாம், சில்லுக்கு எத்தனை அங்குலம் என்று கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. சத்தம் என்று ஒரு வரி. அதில் வெள்ளைக்கு நேரே ‘சிங்கம்’ என்றும் நீலத்துக்கு நேரே ‘பூனை’ என்றும் எழுதியிருந்தான்.

பஸ்தியாம்பிள்ளை சாந்து குழைத்துக்கொண்டே அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“லண்டனுக்குள்ள இருபது மைலுக்கு மேல ஓடினா தண்டக் காயிதம் வருது. அறுநூறு குதிரையையும் எங்க கொண்டுபோய் மேய்க்கப்போறீர், தம்பி?”

“அது ஓடுறதுக்கில்லை அண்ணை. வச்சிருக்கிறதுக்கு.”

அவன் சொன்னதில் பகிடி பாதிதான். போன கோடையில் டல்விச் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்கு விலை சொல்லப் போனபோது, கதவைத் திறந்த மனிசி அவனுடைய பழைய வான் வண்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உன்னுடைய முதலாளி எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டாள். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்தக் கார் ஆசை பிடித்தது.

அந்த வானும் ஒன்றும் பார்க்கத்தக்க வான் அல்ல. கதவு இறுகச் சாத்தாது. என்ஜின் மாவரைக்கிற மெசின் மாதிரிக் கத்தும். பின்னால் வாளியும் ஏணியும் ஒன்றோடொன்று இடிபடும். ஆனால் காலையில் ஆறு மணிக்கு அது ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில், பூட்டிக்கிடக்கிற கோழிக்கடைக்கு முன்னால் வந்து நிற்கும்போது பஸ்தியாம்பிள்ளைக்கு நாள் தொடங்கும். முன் சீற்றில் ஏறிக் குந்தினால் வேலைத்தலம் போய்ச்சேர ஒன்றேகால் மணித்தியாலம். அந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் கத்திக் கத்திக் கதைத்துக்கொண்டு போவார்கள். வானின் இரைச்சலில் பிரதாபனால் டெலிபோன் கதைக்க முடியாது. இரண்டு தரம் ‘ஹலோ, ஹலோ’ என்று பார்த்துவிட்டு வெட்டிவிடுவான். பிறகு அவனுக்குக் கதைக்க இருப்பது பக்கத்தில் இருக்கிற அண்ணை ஒருவர்தான்.

அவருக்கும் அப்படியே. மனைவி அருமைநாயகி செத்து ஒன்பது வருடம். மகள் றூபினி கனடாவில். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் டெலிபோன் எடுப்பாள். அவர் வாடகைக்கு இருக்கிற மேல்மாடி அறைக்குக் கீழே வத்சலா என்ற பிள்ளையின் குடும்பம் இருக்கிறது. புருசனும் பெண்சாதியும் ஷிப்ட் மாறி மாறி ஓடுகிறவர்கள், படியில் கண்டால் தலையாட்டுவார்கள். வேலைத்தலத்தில் பிரதாபன் அவரை இறக்கிவிட்டு அடுத்த தலத்துக்குப் போய்விடுவான். சுவரோடு என்ன கதைப்பது? பின்னேரம் கூட்டிப்போக வரும்போது இரண்டு பேருக்கும் களைப்பு, கதை வராது. ஆகவே அவர் நாள் முழுக்கக் கண்டதையும் கேட்டதையும் அடுத்த நாள் காலைக்கென்று சேர்த்து வைப்பார். மீன்கடையில் நடந்த சண்டை, மாதா கோவில் பூசையில் சுவாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் தும்மினது, எல்லாம் வானுக்கென்று போகும்.

இங்கிலிஷ் எழுத்தையும் அவர் அந்தச் சீற்றில் இருந்துதான் படித்தார். ஒன்பது வயதில் கல்லுச் சுமக்கப் போனவருக்கு நாற்பத்து நாலு வயது வரைக்கும் கைநாட்டுத்தான். தமிழ் எழுத்தை இங்கே கோவில் மண்டபத்தில் பெனிற்றா ரீச்சர் பூசைக்குப் பிறகு அரை மணித்தியாலம் இருத்திச் சொல்லித் தந்தா. இங்கிலிஷ் எழுத்து சிவப்பு விளக்கில் முன்னால் நிற்கிற லொறியின் முதுகில் கிடக்கும். அவர் ஒவ்வொன்றாய்ச் சொல்ல, பிழைத்தால் பிரதாபன் சிரித்துத் திருத்துவான்.

ஒரு வியாழக்கிழமை பிரதாபன் போகிறபோக்கில் ஒன்று சொன்னான். கார் வந்த பிறகு வான் வால்தம்ஸ்டோ வீட்டு வாசலிலேயே சாமான்களோடு நிற்குமாம். தான் காரில் வந்து போவானாம். பஸ்தியாம்பிள்ளை எப்படி வருவார் என்று அவன் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

வழி இல்லாமல் இல்லை. பஸ்ஸில் பிரிக்ஸ்டனுக்குப் போய், பாதாள ரயிலில் முதல் ஸ்டேசனில் ஏறிக் கடைசி ஸ்டேசனில் இறங்கினால் வால்தம்ஸ்டோ. நேர் வழி. வானை விடக் கெதியாய்ப் போய்ச் சேரலாம், அறுபது கடந்தவர்களுக்குக் கொடுக்கிற பயணக் காட்டும் அவரிடம் இருந்தது. ஆனால் அந்த ரயிலில் ஆயிரம் பேர் ஏறுவார்கள், ஒருவரும் ஒருவரோடும் கதைக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தச் சுவருக்குப் பூச்சு நாள். பிரதாபன் எழுதினதைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த தலத்துக்குப் போய்விட்டான். பஸ்தியாம்பிள்ளை சாந்துப் பலகையைக் கையில் எடுத்தவர் நின்று, மேலிருந்து கீழாக ஒருக்கால் பார்த்தார். எல்லாம் எழுதியிருந்தது. சீற்றைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிரதாபன் காட்டின வீடியோவில் அவர் பார்த்திருந்தார். வெள்ளைக் காருக்கு உள்ளே பால் நிறத் தோல் சீற். நீலத்துக்குக் கறுப்பு. பால் நிறச் சீற்றில் சீமெந்துக் காற்சட்டையோடு எந்த மடையன் ஏறி இருப்பான்? எந்த மடையன் ஏற விடுவான்?

அவர் பென்சிலை எடுத்து, அடியில் கொழுத்த எழுத்தில் ‘சீற்’ என்று எழுதினார். வெள்ளைக்கு நேரே ‘பால்’. நீலத்துக்கு நேரே ‘கறுப்பு’. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரண்டியில் சாந்தை அள்ளி அந்த இடத்திலிருந்தே பூசத் தொடங்கினார்.

மற்ற நாள் சனிக்கிழமை. இரண்டு காரையும் ஒரே இடத்தில் வைத்து விற்கிற ஒரு கடைக்கு, குரொய்டன் பக்கம், அவரையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பிரதாபன் சொல்லியிருந்தான். வீட்டில் மகள் லக்‌ஷிகாவுக்குக் கார்களில் விருப்பம் இல்லை, மனைவிக்கு எதுவானாலும் சரி. அவனுக்கு வேண்டியது அண்ணையின் காது.

அந்தக் காதைப் பற்றி அவன் போகிற இடமெல்லாம் சொல்லுவான். டைல்ஸ் பதித்துக் காய்ந்த பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது வழக்கம். அடியில் சாந்து நிறைய நின்றால் சத்தம் இறுகி வரும். எங்கேயாவது காற்று நின்றால் வெற்றுக்குடம் மாதிரிக் கோறைச் சத்தம் வரும். அந்த ஓடு இன்றைக்கோ நாளைக்கோ வெடிக்கும். பஸ்தியாம்பிள்ளைக்குத் தட்டக்கூடத் தேவையில்லை. டூட்டிங்கில் ஒரு மளிகைக்கடைக்குச் சாமான் வாங்கப் போனவர், நடந்து போகிறபோதே நின்று, இந்த நிலத்தில் மூன்று ஓடு கோறை என்று காலால் காட்டினார். அடுத்த மாதம் அந்த மூன்றும் வெடித்தன. கடைக்காரர் இவர்தான் கண்ணூறு போட்டவர் என்று கொஞ்ச நாள் கோபமாய்த் திரிந்தார்.

பூசைக்குப் போடுகிற காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் போனார். கூர்ச் சப்பாத்துப் போட்ட ஒரு விற்பனையாளன் வந்து கை கொடுத்து, இது யார் என்பது போல் அவரைப் பார்த்தான். ‘மை எக்ஸ்பேர்ட்’ என்று பிரதாபன் சொன்னான். பஸ்தியாம்பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்கியது. உச்சி குளிர்ந்தது.

முதலில் வெள்ளை. அவர் சுற்றிவந்து விரல் முட்டியால் கதவைத் தட்டினார். கூரையைத் தட்டினார். குனிந்து சில்லுக்கு மேல் தட்டினார். கூர்ச் சப்பாத்துக்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெயின்ட் பத்திரம் என்று சொன்னான். பிறகு அவர் ஏற முதல், பின் சீற்றுக்குக் கீழே காகிதப் பாய் ஒன்றை விரித்தான். பிரதாபனுக்கு விரிக்கவில்லை. பஸ்தியாம்பிள்ளை பால் நிறத் தோலில் முதுகைச் சாய்க்காமல், கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். விரல் வெடிப்புக்குள் சீமெந்து கிடந்தது. அது இனி எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

பிரதாபன் காலை அழுத்த, கார் உறுமியது. சுவரில் எழுதினது சரிதான், சிங்கம். காதைக் கூர்மையாக்கி எல்லாப் பக்கமும் கேட்டுப் பார்த்தார். ஒரு கோறை இல்லை. ஒரு மூட்டு ஆடவில்லை. யாரோ மனம் வைத்துப் பூட்டின கார். நடுவில் பிரதாபனுக்கு ஒரு டெலிபோன் கோல் வந்தது, உறுமலில் ஒன்றும் கேட்காமல் பிறகு எடுக்கிறேன் என்று வெட்டிவிட்டான்.

அடுத்தது நீலம். கறுப்பு சீற். ஏறி இருந்ததுமே அவருக்கு முதுகு தன்பாட்டில் சாய்ந்தது. கதவைச் சாத்தினால் வெளியுலகம் அறுந்து போன மாதிரி. என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. விற்பனையாளன் பிரதாபனின் டெலிபோனைக் காரோடு இணைத்துக் காட்டினான். லக்‌ஷிகா எடுத்தாள். அவள் குரல் கோவிலுக்குள் பாட்டுப் படிக்கிறது போல நாலு பக்கத்தாலும் வந்தது. “அப்பா, ஜஸ்ட் பை வன்,” ஏதாவது ஒன்றை வாங்குங்கோவன் என்று அவள் சொல்ல, பிரதாபன் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

அப்போதுதான் அது கேட்டது. ரோட்டில் மேடு ஒன்றில் ஏறி இறங்கும்போது, பின்னால் இடப்பக்கம், கண்ணாடியும் கூரையும் சேருகிற மூலையில். டிக். மிகச் சின்னச் சத்தம். அடுத்த மேட்டில் திரும்பவும். டிக், டிக். உள்ளே ஏதோ ஒரு கொழுவி, கிளிப் மாதிரி ஒன்று, சரியாகக் கொழுவுப்படவில்லை. பிரதாபன் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தான். கூர்ச் சப்பாத்துக்காரனுக்குக் கேட்டதோ இல்லையோ, அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கடைக்குத் திரும்பி வந்து, இரண்டு காருக்கும் நடுவில் நின்றுகொண்டு பிரதாபன் கேட்டான். தனக்கு வெள்ளையில்தான் மனம் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவன் ஒரு கை வெள்ளையின் முன்மூடியில் கிடந்தது.

“சொல்லுங்கோ அண்ணை. காது என்ன சொல்லுது?”

பன்னிரண்டு வருடத்தில் பஸ்தியாம்பிள்ளை ஒரு ஓட்டைப் பற்றிக்கூட அவனுக்குப் பொய் சொன்னதில்லை. தான் பதித்த ஓடு கோறையாய்ப் போனாலும் தானே சொல்லித் தானே உடைத்து எடுக்கிறவர்.

“நீலம்,” என்றார்.

“நீலமோ?”

“வெள்ளையில சத்தம் கூட. கத்திற கத்தில கஸ்டமர் பயந்துபோவான். நீலம் அமைதி, தம்பி. பெரிய ஆக்களின்ர கார் மாதிரி இருக்கு.”

“ஒரு இடமும் கோறை இல்லையே?”

“இல்லை.”

பிரதாபன் வெள்ளையின் மேலிருந்து கையை எடுத்தான். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு, அண்ணை சொன்னால் சரி என்று சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட உள்ளே போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கார் வந்தது. கோவிலில் பூசை வைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, ஐயருக்குத் தட்சணை கொடுத்தாயிற்று என்று பிரதாபன் டெலிபோனில் சொன்னான். வானை வால்தம்ஸ்டோவில் விட்டாயிற்று என்றும் சொன்னான். திங்கள் காலை பற்றி ஒரு சொல் இல்லை.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே பஸ்தியாம்பிள்ளை கோழிக்கடை வாசலில் நின்றார். அவர் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆறேகால் வரைக்கும் பார்ப்பது. வராவிட்டால் எதிர்ப்பக்கம் போய் பிரிக்ஸ்டன் பஸ்ஸில் ஏறுவது. ஒருவருக்கும் டெலிபோன் எடுத்துக் கேட்பதில்லை. மனதுக்குள் ஒரு செய்தியும் வைத்திருந்தார். றூபினியின் மகனுக்கு முதல் பல் விழுந்துவிட்டது. பொடியன் விழுந்த பல்லை விழுங்கிவிட்டு, வயிற்றுக்குள் பல் கடிக்குமோ என்று இரவு முழுக்க அழுதானாம். இதைப் பிரதாபனுக்குச் சொன்னால் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரிப்பான்.

ஆறு மணிக்கு நீலக் கார் சத்தமே இல்லாமல் வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

“என்ன அண்ணை பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஏறுங்கோ.”

கதவைத் திறந்தார். முன் சீற்றில், பெயின்ட் அடிக்கும்போது நிலத்துக்கு விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு, முதுகுப் பக்கமும் இருக்கிற பக்கமும் கால் வைக்கிற இடமும் மூடி, மூலைகளில் டேப் ஒட்டி, நேர்த்தியாகப் போடப்பட்டிருந்தது. வேலை தெரிந்த கை போட்ட விரிப்பு. புதுசுதானே அண்ணை, கொஞ்ச நாளைக்கு என்று பிரதாபன் சொன்னான். அதிலென்ன தம்பி என்று சொல்லிக்கொண்டு அவர் ஏறி இருந்தார். அது கீழே கிர்ரென்று கத்தியது. அசைந்தால் கத்தியது. மூச்சு விட்டாலும் கொஞ்சம் கத்தியது. பரவாயில்லை. சீற் கிடைத்துவிட்டது.

வாயைத் திறந்தார். “பேரனுக்கு...”

காருக்குள் நாலு பக்கத்தாலும் மணி அடித்தது.

முதலில் சாமான் கடைக்காரன். அவன் டெலிபோனை வைக்க டல்விச் பக்கத்து வேறொரு வீட்டுக்காரி. அதற்குப் பிறகு பிரான்சிலிருந்து யாரோ பழைய கூட்டாளி, புதுக் காரைக் கேள்விப்பட்டு. காருக்குள் டெலிபோன் இவ்வளவு தெளிவாய்க் கேட்கும் என்று கண்டபிறகு பிரதாபன் காலை நேரத்தை அதற்கென்றே ஒதுக்கிவிட்டான். ஒரு நாளின் கோல் எல்லாவற்றையும் போய்ச்சேர முதல் முடித்துவிடுவான். இது ஒரு நடமாடும் ஒபிஸ் அண்ணை என்று ஒரு கோலுக்கும் மற்றதுக்கும் நடுவில் பெருமையாய்ச் சொன்னான். பஸ்தியாம்பிள்ளை தலையாட்டினார். ஆட்டினதுக்கும் பிளாஸ்டிக் கத்தியது. டெலிபோனில் இருந்தவர் அது என்ன சத்தம் என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் அசையாமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

இப்படி மூன்று கிழமை, பதினைந்து வேலைநாள் போனது. யார் எடுக்கிறார்கள் என்று முன்னால் உள்ள சின்னத் திரையில் பெயர் விழும். அதை எழுத்துக்கூட்டி வாசிப்பார். மனதுக்குள்தான். முன்னால் போகிற லொறிகளின் முதுகையும் மனதுக்குள்தான் வாசித்தார், பிழைத்ததோ சரிதானோ தெரியாது. பேரனுக்கு இரண்டாவது பல்லும் விழுந்துவிட்டது. அதை அவன் விழுங்கவில்லை. கதை பழசாகிக்கொண்டே போனது.

பின்னால் இடப்பக்க மூலையில் மட்டும், ஒவ்வொரு மேட்டுக்கும், டிக். டெலிபோன் கதைக்குள் பிரதாபனுக்கு அது கேட்கவேயில்லை. அவருக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. தான் சொன்ன பொய் தனக்குப் பின்னாலேயே ஏறி இருந்துகொண்டு வருவது போல இருந்தது. வெள்ளைக் காரில் ஒரு டெலிபோனும் கேட்டிருக்காது என்பது இரண்டாவது கிழமையில்தான் அவருக்கு உறைத்தது. அந்தச் சிங்கத்தின் உறுமலில் இரண்டு பேரும் வானில் போல் கத்திக் கத்திப் போயிருக்கலாம். பால் நிறச் சீற்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்புத்தானே வேண்டியிருந்தது.

நாலாவது கிழமை, மழை பெய்த ஒரு புதன்கிழமை, பிரதாபன் டெலிபோனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தான். பிரிக்ஸ்டன் தாண்டின பிறகுதான் கண்டான். திரும்பிப் போக நேரமில்லை. கொஞ்ச நேரம் சினந்துவிட்டு, பிறகு சீற்றில் சரிந்து, கழுத்தை இருபக்கமும் முறித்தான்.

“எவ்வளவு நாள் அண்ணை, ஒழுங்காய்க் கதைச்சு. சொல்லுங்கோ. றூபினி எப்பிடி?”

பஸ்தியாம்பிள்ளை பிளாஸ்டிக் கத்தக் கத்த அவன் பக்கமாய்த் திரும்பினார். எதிலிருந்து தொடங்குவது? முதல் பல்லிலிருந்துதான் தொடங்கவேண்டும். “பேரன் இருக்கிறானல்லோ,” என்று அவர் தொடங்க, கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.

டிக்.

பிரதாபன் கையைத் தூக்கி, பொறுங்கோ என்று காட்டினான். காதைச் சரித்தான். அடுத்த மேட்டை வேண்டுமென்றே வேகமாய் ஏறினான். டிக், டிக்.

“என்ன சத்தம் அது?”

பிரதாபன் ஒரு பக்கமாய் நிறுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டான். மழை மட்டும் கூரையில் கேட்டது. இப்போது வந்த சத்தமா, முதலே இருந்ததா என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். வாங்கி ஒரு மாதம் ஆகவில்லையே, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெள்ளையை எடுக்கலாமோ என்றும் கேட்டான். பிறகு திரும்பி அவரைப் பார்த்தான்.

“உங்கட காதுக்கு அண்டைக்குக் கேக்கேல்லையோ, அண்ணை?”

இல்லை என்று சொல்லலாம். வயது போனால் காதும் போகும், யாரும் நம்புவார்கள். ஆனால் காது போய்விட்டது என்று சொன்னால் பிறகு அவரிடம் என்ன மிச்சம்?

“கேட்டது,” என்றார்.

பிரதாபன் திரும்பிப் பின்பக்கத்து மூலையைப் பார்த்தான்.

“இடப்பக்கம், கண்ணாடி மூலைக்குள்ள. கொழுவி ஒண்டு. வெள்ளையில ஒண்டும் இல்லை. வெள்ளை நல்ல கார்.”

“பின்ன ஏன் சொல்லேல்ல?”

“அதின்ர சீற் பால் நிறம். அதில நான் இருக்கேலாது, தம்பி. நீர் என்னை விட்டுட்டுப் போயிருப்பீர்.” பிறகு, “சுவரில சீற்றையும் எழுதினனான். பூசினதும் நான்தான்,” என்றார்.

பிரதாபனின் கண் அவருக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக்கில் ஒருதரம் விழுந்து எழும்பியது. அவன் ஏசியிருந்தால் நல்லாயிருக்கும். ஏசவில்லை. ஹசார்ட் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டத் தொடங்கினான். டெலிபோன் இல்லாத, ஒருவரும் எடுக்காத, அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த அந்த முழு வழியிலும் ஒரு சொல் இல்லை. மேட்டுக்கு மேடு டிக் மட்டும் கேட்டுக்கொண்டு வந்தது.

பின்னேரம் அவன் கூட்டிப்போக வரவில்லை. சின்ன அலுவல், ட்ரெயினில் போங்கோ என்று, அவருக்கு நேரே எடுக்காமல், வால்தம்ஸ்டோ வீட்டுக்காரியின் டெலிபோனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். பஸ்தியாம்பிள்ளை கடைசி ஸ்டேசனில் ஏறி முதல் ஸ்டேசன் வரைக்கும், இருக்க இடம் இருந்தும் காற்சட்டையை நினைத்து, நின்றுகொண்டே வந்தார். பக்கத்தில் நின்ற பெட்டை ஒருத்தி அவருடைய காற்சட்டையின் வெள்ளைத் தூளைக் கண்டு, தன் கோட்டை இழுத்துப் பிடித்தாள். அறைக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, அறுபது கடந்தவர்களுக்கான அந்தப் பயணக் காட்டை எடுத்து, அடுத்த நாள் போடுகிற சேட்டின் பொக்கற்றில் வைத்தார்.

காலையில் ஐந்தரைக்குக் கோழிக்கடை வாசலுக்கு வந்தார். எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறேகால் கணக்கு இன்றைக்குத் தேவையா என்று யோசித்தார். ஆறு மணிக்கு நீலம் வந்தது. கண்ணாடி இறங்கவில்லை. கதவின் பூட்டுத் திறந்த சத்தம் மட்டும் வந்தது.

அவர் கதவைத் திறந்தார். பிளாஸ்டிக் இல்லை. டேப் ஒட்டின அடையாளமும் இல்லாமல் துடைத்திருந்தது. கறுப்புத் தோல் மட்டும். அவர் தன் காற்சட்டையைப் பார்த்தார், பிரதாபனைப் பார்த்தார். அவன் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, “இருங்கோ அண்ணை,” என்றான். அவர் காற்சட்டையை இரண்டு கையாலும் தட்டிவிட்டு ஏறி இருந்தார். கீழே ஒன்றும் கத்தவில்லை.

பிரிக்ஸ்டனுக்கு இறங்குகிற வழியில் முதல் மேடு வந்தது. அவர் தன்னை அறியாமலே காதைக் கொடுத்தார். ஒன்றும் இல்லை. இரண்டாவது மேடு. ஒன்றும் இல்லை. நேற்றுப் பின்னேரத்துச் சின்ன அலுவல் என்னவென்று அப்போது விளங்கியது. யாரோ அந்தக் கொழுவியை இறுக்கிவிட்டார்கள்.

இப்போது நல்ல நேரம். சொன்னால் சொல்லலாம். பல்லின் கதையை மனதில் எடுத்துத் தூசு தட்டினார். அது மூன்று கிழமைப் பழசு. முதல் பல்லில் தொடங்கினால் இரண்டாவதும் சொல்லவேண்டும். இரண்டாவது பல்லில் சிரிப்பு இல்லை. அதை எப்படிச் சேர்ப்பது என்று அவர் யோசித்து முடிக்க முதல் திரையில் எழுத்து விழுந்தது. எல், ஏ, கே. லக்‌ஷிகா. பிரதாபன் எடுத்தான். அவள் ஏதோ பல்கலைக்கழகத்து அறை வாடகை பற்றி இங்கிலிஷில் சொல்லத் தொடங்க, நாலு பக்கமும் அவள் குரல் நிறைந்தது.

பஸ்தியாம்பிள்ளை வெளியே பார்த்தார். வைப்பர் ஒரு சத்தமும் இல்லாமல் மழையை வழித்துக்கொண்டிருந்தது. அவருடைய கை தன்பாட்டில் போய், கதவின் உட்பக்கத்தை விரல் முட்டியால் இரண்டு தரம் தட்டியது.

பிரதாபன் திரும்பினான். ஒரு நிமிசம் பிள்ளை என்று மகளை நிறுத்தினான்.

“கோறையோ அண்ணை?”

“இல்லைத் தம்பி. நல்லா இறுகியிருக்கு.”

அவன் தலையாட்டினான். பிறகு, சொல்லு பிள்ளை என்று மகளிடம் திரும்பினான். சிவப்பு விளக்கில் ஒரு மீன் லொறி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதில் எழுதியிருந்ததை அவர் முதல் எழுத்திலிருந்து, உதடு மட்டும் அசைய, வாசிக்கத் தொடங்கினார்.